மெஷினில் கோளாறில்லை

பெற்ற மகளின் கல்லீரலைப் பார்த்துவிட்டு, மெஷின் கெட்டுப்போய்விட்டது என்று சண்டை போட்ட ஆள் நான். பத்தொன்பது வருஷமாக ஸ்கேன் அறையில் நிற்கிறேன். ஒரு நாளைக்கு இருபது வயிறாவது என் கைக்குக் கீழே வந்து போகும். படம் திரையில் விழுந்த மூன்றாவது நொடியில் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. அந்தத் திமிருக்கு விழுந்த அடியைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். வருத்தப்பட்டு அல்ல, நன்றியோடு சொல்கிறேன்.

எங்கள் ஸ்கேன் சென்டர் சின்னது. முன்னால் ரிசப்ஷனும் பத்து நாற்காலியும். அதைத் தாண்டி ரத்தம் எடுக்கும் அறை, ஸ்கேன் அறை, இரண்டுக்கும் நடுவில் ஜெல் கேனும் டிஷ்யூ ரோலும் அட்டைப்பெட்டிகளும் அடைத்து வைத்த ஒரு சரக்கு அறை. வருகிறவர்களைப் படுக்க வைத்துப் படம் எடுப்பது என் வேலை. டாக்டரம்மா வந்து தானும் ஒரு தடவை பார்த்துவிட்டு ரிப்போர்ட் எழுதுவார்.

அந்த மாதம் முழுக்க மெஷின் படுத்திக்கொண்டிருந்தது. எந்த வயிற்றைப் பார்த்தாலும் படம் வெளுத்து வந்தது. போனில் நான் பேசிய பேச்சில், மெஷின் கம்பெனியில் என் நம்பரைப் பார்த்தாலே ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு போனைத் தள்ளிவிடுவார்களாம். கடைசியில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் சர்வீஸ்காரர் புது புரோபோடு வந்தார். வயிற்றின்மேல் வைத்து நகர்த்துகிறோமே, அந்தக் கருவிதான் புரோப். மனிதருக்கு நாற்பது வயதிருக்கும். பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பதில் சொல்லும் ரகம். எனக்கு அதுவே எரிச்சல்.

ரிப்பேர் முடிந்ததும் நோய் இல்லாத ஓர் உடம்பில் வைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். எப்போதும் ரிசப்ஷன் அக்காதான் சலித்துக்கொண்டே வந்து படுப்பார். அன்று அவர் காதில் போன். அந்த நேரம் பார்த்து ஸ்கூல் பையோடு என் மகள் உள்ளே வந்தாள். ஒன்பதாம் வகுப்பு, பதினாலு வயது. வீட்டில் அவளை டமாரம் என்று கூப்பிடுவோம். பிறந்ததும் அவள் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது, அதனால் அவள் அப்பா வைத்த பேர். பூசினாற்போல உடம்பு என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். பூச்சு கொஞ்சம் தாராளம்தான்.

“நான் படுக்கட்டுமா?” என்றாள்.

“படு, படு. நோய் நொடி இல்லாத உடம்பு. இவர் ரிப்பேர் பண்ண லட்சணம் இதுல தெரிஞ்சிடும்” என்றேன், சர்வீஸ்காரர் காதில் விழும்படி.

ஜெல்லின் குளிர்ச்சிக்கு அவள் கூச்சலிட்டாள். வலது விலாவுக்குக் கீழே புரோபை வைத்தேன். கல்லீரல் வந்தது. வெள்ளை வெளேரென்று வந்தது.

“பாத்தீங்களா சார்? அதே வெளுப்பு! என்னத்த மாத்துனீங்க?”

சொல்லிக்கொண்டே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகைப் பிடித்தேன். ஒன்று சொல்ல வேண்டும். வலது பக்கத்தில் கல்லீரலும் சிறுநீரகமும் அடுத்தடுத்து இருக்கும். ஆரோக்கியமான உடம்பில் திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறம். நான் திருகைக் குறைத்தேன். கல்லீரல் சரியான நிறத்துக்கு வந்தது, ஆனால் சிறுநீரகம் கறுத்துக் காணாமலே போனது. கூட்டினேன். சிறுநீரகம் சரியாகத் தெரிந்தது, கல்லீரல் சுண்ணாம்பு அடித்த சுவர் போல ஆனது. மறுபடி குறைத்தேன், மறுபடி கூட்டினேன். இதைப் புதிதாகப் படிக்க வந்த ஒரு பிள்ளையிடம் காட்டியிருந்தால் என்ன என்று உடனே சொல்லியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. மெஷின் மேல் இருந்த கோபம் ஒரு பக்கம். படுத்திருப்பது என் பிள்ளை என்பது இன்னொரு பக்கம். என் பிள்ளைக்கு என்ன வரப்போகிறது?

“புரோபே டூப்ளிகேட் போல” என்றேன்.

மகள் இறங்கியதும் சர்வீஸ்காரர் தானே போய்ப் படுத்துச் சட்டையைத் தூக்கிக்கொண்டார். “என்மேல வச்சுப் பாருங்க மேடம்.”

வைத்தேன். கல்லீரலும் சிறுநீரகமும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே சாம்பல் நிறத்தில் அமைதியாகக் கிடந்தன. திருகைத் தொடவே தேவைப்படவில்லை.

அவர் எழுந்து சட்டையைச் சரிசெய்தார். மூலையில் டிஷ்யூவால் வயிற்றைத் துடைத்துக்கொண்டிருந்த என் மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “மெஷின்ல கோளாறு இல்ல மேடம். பொண்ண டாக்டரம்மாகிட்ட ஒரு தடவ காட்டிடுங்க.”

ஈரக்குலை நடுங்கியது என்று எத்தனையோ தடவை சும்மா பேச்சுக்குச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது என்னவென்று தெரிந்தது. வேறொருவராக இருந்தால் நான் கத்திய கத்தலுக்கு, எதையாவது இரண்டு திருகு திருகிக் காட்டி, சரி பண்ணிவிட்டேன் என்று என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பியிருப்பார். நானும் போட்டிருப்பேன். அந்த மனிதர் கிளம்பவில்லை. டாக்டரம்மா வரும்வரை பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தார்.

டாக்டரம்மா மகளை மறுபடி படுக்க வைத்துப் பார்த்தார். அவர் எப்போதும் எதையும் பூசி மெழுகிப் பேச மாட்டார்.

“ஈரல்ல கொழுப்பு படிஞ்சிருக்கு. ரெண்டாவது நிலை.”

“பதினாலு வயசு டாக்டர்!”

“அதுக்கு? ஈரலுக்கு வயசு தெரியுமா? குடிக்கிற ஆம்பளைங்களுக்கு மட்டும் வர்ற வியாதின்னு நெனச்சீங்களா? நீங்களே எத்தன பேருக்குப் பாத்திருப்பீங்க.”

பார்த்திருக்கிறேன்தான். மற்றவர்கள் பிள்ளைகளுக்கு.

அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனை செய்தோம். கல்லீரல் என்சைம் அளவுகள் இருக்க வேண்டியதைப்போல் இரண்டு மடங்கு. குழந்தைகள் டாக்டர் வேறு காரணம் ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் தள்ளிவிட்டு, எங்களை எதிரே உட்கார வைத்துக் கேட்டார். “இவ என்ன குடிப்பா?”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்தக் கேள்விக்கு நூற்றுக்கு நூறு வாங்குவேன் என்று நினைப்பு. “கலர் சோடா எதையும் வீட்டுக்குள்ள விடமாட்டேன் டாக்டர். ஜூஸ் மட்டும்தான்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “ஒரு நாளைக்கு எவ்வளவு ஜூஸ்?”

நான் மகளைப் பார்த்தேன். அவள் விரல்விட்டு எண்ணினாள். காலையில் வீட்டில் ஒரு கிளாஸ், ஸ்கூலுக்குக் கொடுத்துவிடும் பாக்கெட் ஒன்று. அதோடு நிற்கும் என்று பார்த்தேன். விரல்கள் மடங்கிக்கொண்டே போயின.

“அப்பறம் சென்டர்ல நாலு.”

“நாலா?”

“அக்கா ரெண்டு குடுப்பாங்க. ரெண்டு நானே எடுத்துப்பேன்.”

வயிற்று ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டும். படம் எடுத்து முடிந்ததும் யாருக்கும் தலை சுற்றக் கூடாதே என்று சின்னச் சின்ன ஜூஸ் பாக்கெட்டுகள் வாங்கி, சரக்கு அறையில் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருப்போம். ஸ்கூல் விட்டு வந்து, என் வேலை முடியும்வரை, என் மகள் இரண்டு வருஷமாக அந்த அறையில்தான் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள். பெட்டிக்கு நடுவில்தான் அவள் மேசையே.

டாக்டர் எங்களைத் திட்டவில்லை. பழத்தைக் கடித்துத் தின்றால் ஒன்றுமில்லை, எத்தனை பழம்தான் ஒரு ஆள் தின்ன முடியும் என்றார். ஜூஸில், பிஸ்கட்டில், சாஸில் கலந்து வரும் சர்க்கரை அளவுக்கு மிஞ்சினால் ஈரல் அதைக் கொழுப்பாக மாற்றித் தன்னிடமே போட்டு வைத்துக்கொள்ளும் என்றார்.

“அப்படியே விட்டா?” என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“சில பேருக்கு ஈரல் வீங்கி, தழும்பாகி, இறுகிடும். இறுகிடுச்சுன்னா திருப்பறது கஷ்டம். இவளுக்கு இன்னும் அங்க போகல. இந்த வயசு ஈரல் நாம சொன்னா கேக்கும். மூணு மாசம் இந்தச் சர்க்கரைய நிறுத்திட்டு மறுபடி ஸ்கேன் பண்ணிப் பாப்போம். ஆனா ஒண்ணு. இவ மட்டும் நிறுத்துனா நடக்காது. வீடே நிறுத்தணும்.”

மூன்று மாதம். வெளியே வரும்போது என் தலையில் ஓடியது அது ஒன்றுதான். இந்த மூன்று மாதத்தைக் கோட்டைவிட்டால் என் பிள்ளையின் ஈரல் இறுகிப்போகும்.

பயந்தால் எனக்குக் கோபம் வரும். அது என் பிறவிக் கோளாறு. வீட்டுக் கதவைத் திறந்ததும் ஆரம்பித்துவிட்டேன்.

“நாலு பாக்கெட்! திருட்டுத்தனமா! நான் அங்க நின்னு நின்னு கால் வீங்கிப் போறேன், நீ பக்கத்து ரூம்ல உக்காந்து உறிஞ்சிட்டு இருந்திருக்க! உன் வாய்க்குப் பூட்டுதான் போடணும், டமாரம்...”

“அப்படிக் கூப்பிடாதம்மா.”

“எப்படி?”

“டமாரம்னு. ஸ்கூல்ல எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. என் உடம்பப் பாத்து வச்ச பேருன்னு நெனச்சிட்டு இருக்காங்க. நான் கிளாஸுக்குள்ள நொழஞ்சா பெஞ்சுல தாளம் போடறாங்க.”

அவள் அழவில்லை. அழுதிருந்தாலாவது நான் திட்டி முடித்திருப்பேன்.

“ரெண்டர மணி நேரம் அந்த ரூம்ல தனியா உக்காந்திருக்கேன். நீ யார் யார் வயித்தயோ பாத்துட்டு இருக்க. ஜன்னல்கூட இல்ல அதுல. ஜூஸ் குடிக்காம நான் வேற என்ன பண்றது? ஜூஸ் நல்லதுன்னு நீதான சொன்ன?”

என் கணவர் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கிறவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை எப்போது மிதிக்க வேண்டும் என்று தெரிந்த மனுஷன். அவர் சோபாவிலிருந்து, “போதும். ரெண்டு பேரும் வந்து சாப்பிடுங்க” என்றார். நான் தட்டு எடுத்து வைக்கப் போனேன். அன்றிலிருந்து அந்தப் பேரை எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. அவள் அதைச் சொன்னதற்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது. சொல்லியிராவிட்டால் நான் சாகிறவரை ஆசையாகக் கூப்பிட்டுக்கொண்டு இருந்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை சமையலறையைக் கவிழ்த்துப் போட்டோம். கணவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பாட்டிலின் பின்பக்கத்தையும் கோர்ட்டில் தீர்ப்பு வாசிக்கிற மாதிரி வாசித்தார். சாஸில் சர்க்கரை. காலையில் சாப்பிடும் மொறுமொறு தானியத்தில், உடம்புக்கு நல்லது என்று வாங்கிய தானியத்தில், சர்க்கரை. பழம் போட்ட தயிர் கப்பில், பழத்தைவிடச் சர்க்கரை. ரொட்டியில்கூட. கடைசியில் அவருடைய டீச் சர்க்கரை டப்பா மட்டும் மேசை நடுவில் நின்றது.

“இத விட்டுடலாமே. இது என் ஈரலுக்குத்தான?” என்றார், பரிதாபமாக.

மகள் கையைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்தாள். அவர் பெருமூச்சு விட்டு டப்பாவை எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். முதல் வாரம் அவர் டீ குடித்த முகத்தைப் பார்த்தால் கல் நெஞ்சும் கரையும். ஆனால் ஒரு நாள்கூடத் திருட்டுத்தனமாக வெளியே குடிக்கவில்லை. குடித்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும், முப்பது நொடிக்கு மேல் ஒரு பொய்யைக் காப்பாற்றத் தெரியாதவர். மகளுக்குத்தான் கஷ்டம். முதல் பத்து நாள் தலைவலி என்றாள், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தாள். நானும் விழுந்தேன். வீடு எண்ணெயில் போட்ட கடுகு மாதிரி வெடித்துக்கொண்டிருந்தது.

ரிசப்ஷன் அக்காவிடம் சண்டைக்குப் போனதையும் சொல்ல வேண்டும். வார்த்தைகளை வழியெல்லாம் கூர்தீட்டிக்கொண்டு போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் செத்துவிட்டது.

“ஸ்கூல்ல இருந்து வந்து முகம் வாடி உக்காருதே பிள்ளன்னு குடுத்தேன்மா. எனக்குத் தெரியலயே.”

எனக்கும்தான் தெரியவில்லை. இரண்டு வருஷமாக என் பிள்ளையின் முகம் வாடியிருந்ததை அவர் பார்த்திருக்கிறார். நான் பார்க்கவில்லை. “இல்லக்கா, உங்களுக்கு நான்தான் நன்றி சொல்லணும்” என்றேன். அவர் என்னைப் பயத்தோடு பார்த்தார், கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைத்திருப்பார்.

மறுநாள் மகளின் மேசை சரக்கு அறையில் இல்லை. அக்கா அதைத் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டிருந்தார். பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில், அவித்த கடலை ஒரு கிண்ணம். அவளுக்கு ஒரு வேலையும் கொடுத்தார்: வந்தவர்களை நம்பர் சொல்லி உள்ளே அனுப்புவது. “பன்னெண்டாம் நம்பர்!” என்று என் மகள் ஒரு குரல் கொடுத்தால், காது கேட்காத பெரியவர்கூட எழுந்துவிடுவார். தெருவில் போகிற யாராவது பன்னிரண்டாம் நம்பர் என்று உள்ளே வந்துவிடப் போகிறார்கள் என்று அக்கா சிரிப்பார். மூடிய கதவுக்குள் நின்று ஸ்கேன் செய்துகொண்டிருக்கும் எனக்கு அந்தக் குரல் நாள் முழுக்க வந்துகொண்டே இருக்காதா என்று இருக்கும்.

ஐந்தாவது வாரம் ஒரு நாள் நம்பர் சொல்லும் குரல் கேட்கவில்லை. ஒருவருக்கு ஸ்கேன் முடிந்து அடுத்தவர் வருவதற்குள் கதவைத் திறந்து அவளே உள்ளே வந்து நின்றாள்.

“அம்மா, ஸ்கூல்ல ஒருத்திக்குப் பொறந்தநாள். ரெண்டு துண்டு கேக் சாப்பிட்டேன். ஒரு பெரிய கப் ஜூஸும் குடிச்சேன்.”

என் நாக்கு துடித்தது. ஐந்து வாரம், அப்பாவின் டீ, அந்த இறுகும் ஈரல், எல்லாம் வரிசை கட்டி வாய்வரை வந்தன. நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடித்துக்கொண்டேன். நிஜமாகவே கடித்தேன், வலித்தது.

“எப்படி இருந்துச்சு?” என்று மட்டும் கேட்டேன்.

அவள் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. யோசித்தாள். “ஜூஸ் ரொம்பத் தித்திப்பா இருந்துச்சும்மா. தொண்டையில ஒட்டற மாதிரி. முன்னாடி இப்படி இருக்காதே? ரெண்டாவது கப் குடுத்தாங்க, வாங்கல.”

“சரி. போய் நம்பர் கூப்பிடு.”

அவள் போனதும் சரக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மறைக்க அவளுக்குத் தெரியாதா? இரண்டு வருஷம் மறைத்தவள்தானே. வந்து சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே, அதற்கு என்ன கைம்மாறு செய்ய முடியும்?

எட்டாவது வாரம் மெஷினுக்கு வழக்கமான சர்வீஸ். அதே மனிதர், அதே பை. என்னைப் பார்த்ததும் தோளைக் குறுக்கிக்கொண்டு, “என்ன பிரச்சினை மேடம்?” என்றார்.

“ஒரு பிரச்சினையும் இல்ல சார். அன்னைக்கு நீங்க சொல்லாம போயிருந்தா நான் இன்னும் திருகிட்டேதான் இருந்திருப்பேன். ரொம்ப நன்றி.”

அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாரையாவது சொல்கிறேனோ என்று. பிறகு புரோபின் ஒயரை ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது, “பதினேழு வருஷ சர்வீஸ் மேடம். நன்றின்னு யாரும் சொன்னதில்ல” என்றார். பத்து வார்த்தைக்கு ஒரு வார்த்தை பேசுகிறவருக்கு அது ஒரு பிரசங்கம்.

மூன்றாவது மாதம் முடியப்போகும் நேரம் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. காரணம் எடை மெஷின். இத்தனை பாட்டுக்கும் அவள் ஒன்றரைக் கிலோதான் குறைந்திருந்தாள். அதன்மேல் ஏறி நின்று முள்ளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அவ்வளவுதானா?” என்றாள். குழந்தைகள் டாக்டர், “ஈரல் எடை மெஷினப் பாத்து நடக்காது, கவலப்படாத” என்று சொல்லியிருந்தார். முந்தின நாள் எடுத்த ரத்தப் பரிசோதனையிலும் அளவுகள் நன்றாக இறங்கியிருந்தன. ஆனால் என் தொழில் படம். கண்ணால் பார்க்காத எதையும் நம்ப எனக்கு வராது.

ஸ்கேன் அன்று காலை புரோபை எடுக்கக் கை நீட்டினேன். டாக்டரம்மா அதை வாங்கிக்கொண்டார்.

“நீங்க வேணாம். பெத்த கை நல்லபடியாத் தெரியணும்னுதான் திருகும். வெளிய இருங்க.”

வெளியே வந்தேன். அந்த அறையின் வாசலில் எத்தனை தாய்மாரை நான் “வெளிய இருங்கம்மா, கூப்பிடறோம்” என்று விரட்டியிருக்கிறேன், முகத்தைக்கூடப் பார்க்காமல். அன்று நான் அவர்களோடு நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த நாற்காலி இவ்வளவு கெட்டி என்று பத்தொன்பது வருஷத்தில் எனக்குத் தெரியாது. கணவர் முன்பக்கம் காரை ஓரமாக நிறுத்துவதும் எடுப்பதும் மறுபடி நிறுத்துவதுமாக இருந்தார், பார்க்கிங் பரீட்சைக்குப் போகிறவர் போல. அக்கா வந்து என் கையைப் பிடித்துப் பார்த்தார்.

“கை சில்லுன்னு இருக்கு. நீ சாப்டியா?”

சாப்பிடவில்லை. முந்தின இரவிலிருந்து நானும் சாப்பிட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வெறும் வயிற்றோடு வர வேண்டியது மகள், நானும் சேர்ந்து கிடந்திருக்கிறேன்.

உள்ளே என்னவோ தணிந்த குரலில் பேச்சு, ஒரு வார்த்தையும் புரியவில்லை. வழக்கமாக ஐந்து நிமிஷ வேலை. பத்து நிமிஷம் ஆனது. பதினைந்து ஆனது. நல்லதாக இருந்தால் இவ்வளவு நேரம் ஏன் என்று எனக்குத் தெரிந்த தொழிலே என்னைக் கொன்றது. கும்பிடுகிற பழக்கம் இல்லாத நான், யாரிடம் என்று தெரியாமலே, குறைந்திருந்தால் போதும், ஒரு இம்மி குறைந்திருந்தால் போதும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தது. “உள்ள வாங்க. நீங்களே பாருங்க” என்றார் டாக்டரம்மா. குரலை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அறை இருட்டில் திரை மட்டும் வெளிச்சமாக இருந்தது. என் மகள் படுத்திருந்தாள், வயிற்றில் புரோப். நான் திரைக்கு நேராகப் போய் நின்றேன்.

“சொல்லுங்க. என்ன தெரியுது?”

எனக்கு எதுவும் தெரியவில்லை. மூன்று நொடியில் சொல்லுகிறவள் நான். கண்ணில் தண்ணீர் நிறைந்து, திரை முழுக்க ஒரே சாம்பல் கலங்கலாக ஓடியது. துடைத்தேன், மறுபடி நிறைந்தது. எது ஈரல், எது சிறுநீரகம், எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது, ஒன்றும் பிடிபடவில்லை.

“எனக்குத் தெரியல டாக்டர். நீங்களே சொல்லிடுங்க.”

என் மகள் ஒரு முழங்கையை ஊன்றி எழுந்து திரைப்பக்கம் விரலை நீட்டினாள்.

“இது கிட்னிம்மா. இது லிவர். அன்னைக்கு இது மட்டும் தனியா வெள்ளையா இருந்துச்சு இல்ல? இப்ப பாரு, ரெண்டும் கிட்டக் கிட்ட வந்துடுச்சு. இன்னும் கொஞ்சம் வெளுப்பு இருக்கு. கொஞ்சம்தான்.”

“சரியாச் சொல்றா” என்றார் டாக்டரம்மா. “ரெண்டாவது நிலையில இருந்து ஒண்ணுக்கு வந்தாச்சு. ஒண்ணுலயும் லேசுதான். இவ கேள்வி கேட்டே எனக்குக் கால் மணி நேரம் போச்சு. எது எதுன்னு எல்லாத்தயும் காட்டச் சொல்லிட்டா.”

நான் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். “ரொம்ப நன்றிடி” என்றேன் மகளிடம். டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும், அந்தச் சர்வீஸ்காரரிடம், அக்காவிடம், வெளியே காரை நிறுத்தத் தெரியாமல் தவித்துக்கொண்டிருந்த மனுஷனிடம், எல்லாரிடமும் சொல்ல வேண்டியிருந்தது. வாயில் முதலில் வந்தது அவள்தான்.

“என்னம்மா நீ? பேஷன்ட் நான், அழறது நீயா?”

வயிற்றைத் துடைத்துக்கொண்டிருந்த டிஷ்யூவாலேயே என் முகத்தைத் துடைத்தாள். கன்னம் முழுக்க ஜெல் அப்பிக்கொண்டது. டாக்டரம்மா சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள், கட்டில் குலுங்க, வெளியே இருக்கிறவர்களுக்கெல்லாம் கேட்கும்படி. நான் அந்த ஜெல்லைத் துடைக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.